மாமாவுக்கு முன்னால் ஒரு சிகரெட்

கடலடியில் யாரும் யாருக்கும் மூத்தவர் இல்லை. நரை தெரியாது, தொப்பை தெரியாது. எல்லாருக்கும் ஒரே பச்சை முகம், கண்ணாடிக்குப் பின்னால் ஒரே மிரண்ட கண். வாயில் ரப்பரைக் கவ்விக்கொண்டிருப்பதால் 'வாங்க'வும் கிடையாது, 'வாடா'வும் கிடையாது. கரையேறி ஈரம் காய்வதற்குள் வயது வந்து அவரவர் தோளில் ஏறிக்கொள்ளும். ஏறியதும் நாங்கள் மூன்று பேர் ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம்.

அறுபதுகளின் நடுவில் அது. தை பிறந்து கடல் தெளிந்தால் சித்திரை வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு முங்கப் போவோம். நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா ஒருவன், கீழவீதியில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவன். மூன்று பேருக்கும் இருபதுகள். ஒருத்தனுக்கு ஒருத்தன் மச்சான்.

மாமா அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். பரங்கிப்பேட்டைக்காரர். பாதி ஆயுளைப் பினாங்கில் கடை வைத்துக் கழித்துவிட்டு, சிதம்பரத்தில் ஜவுளிக்கடை போட்டிருந்தார். கடல் கடந்து சம்பாதிக்கப் போன சபுராளிகள் ஊர் திரும்பினால் கம்பளி வரும், சென்ட் வரும். இவர் பெட்டியைத் திறந்தபோது நான்கு காற்று சிலிண்டர்கள், ரப்பர் குழாய்கள், வாத்துக்கால் மாதிரி இரண்டு ஜோடிச் செருப்பு. அவர் வீட்டு மாமி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல மாவு அரைக்கலாமா?" என்று கேட்டார்களாம்.

தனியாக யாரும் கீழே போகக் கூடாது என்பதுதான் அந்த விளையாட்டின் முதல் சட்டம். அவர் வயதுக்காரர்கள் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். அதனால் கடைத்தெருவில் நீச்சல் தெரிந்தவன் எவன் எவன் என்று விசாரித்து எங்களைப் பிடித்தார். துணி எடுக்கப் போன என்னிடம் வேட்டி நீளத்தை விட்டுவிட்டு, "மூச்சு எவ்ளோ நேரம் புடிப்பே?" என்றார்.

விடிகாலையில் வாடகை வேன். புதுச்சத்திரம் தாண்டும்போதே காற்றில் உப்பு. ஓ.டி. என்கிற பழைய கடலூரில் கப்பல் சாமான் பழுது பார்க்கிற பட்டறை ஒன்றில் சிலிண்டருக்குக் காற்று அடைத்துக்கொண்டு, படகில் முகத்துவாரம் தாண்டிப் போவோம். அங்கே அடியில் ஒரு பழைய சரக்குப் படகு மண்ணில் சாய்ந்து கிடந்தது. அதன் வயிற்றில் களவா மீன்கள் குடித்தனம். இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பேர் மேலே காத்திருப்பார்கள்.

எனக்கு ஜோடி மாமாதான். இறங்கியதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகிற பிடி இல்லை அது, சினிமாவுக்குக் கிளம்பிய கூட்டாளியின் பிடி. களவா ஒன்று வாயைத் திறந்து எங்களை முறைத்தால் அவர் உடம்பெல்லாம் குலுங்கும், குமிழி குமிழியாகச் சிரிப்பு மேலே போகும். நீருக்குள் ஒரு மனிதர் சிரிப்பதை நான் கேட்டதில்லை, பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் சோடாவைத் திறந்தால் எனக்கு அந்த முகம்தான் மிதந்து வருகிறது.

காற்று எப்போதும் எனக்குத்தான் முதலில் தீரும். மேலே வந்ததும், "நெஞ்சுல என்னடா வச்சிருக்கே? இப்புடிக் குடிக்கிறியே காத்த" என்பார். நாங்கள் மூன்று பேரும் கடலைப் பார்ப்போம்.

மதியம் தேவனாம்பட்டினம் பக்கம் மணலில் உட்கார்ந்து மாமா வீட்டு இடியாப்பமும் கோழி ஆணமும் சாப்பிடுவோம். கை கழுவியதும் எங்களில் ஒருவன் எழுந்து, "காலாற நடந்துட்டு வரோம் மாமா" என்பான். சவுக்குத் தோப்புக்குள் போனால் முதல் சிகரெட், பிறகு இரண்டாவது, பிறகு குமாஸ்தா மச்சானின் கதைகள். அவர் தொழுதுவிட்டு, நல்ல தண்ணீரில் ரப்பர் சாமான்களைக் கழுவி, கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டு தனியாக இருப்பார். பெரியவர் முகத்துக்கு நேரே புகைவிடுவதா? எங்கள் ஊரில் அது கை ஓங்குவதற்கு அடுத்தபடி.

பங்குனியில் ஒரு ஞாயிறு. தோப்புக்குப் போன பிறகுதான் தீப்பெட்டி என் சட்டையோடு மாமா பக்கத்தில் கிடப்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனேன். சட்டையை அவரே எடுத்து நீட்டினார். பையில் தீப்பெட்டி கடகடவென்றது. இரண்டு பேருக்கும் அது கேட்கவில்லை.

"உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன்.

"அடுத்த வாரத்துலேருந்து நீங்க மூணு பேருமே போயிட்டு வாங்க. செட்டு உன் வூட்டுலயே இருக்கட்டும்."

"ஏன் மாமா, ஒடம்பு ஏதாவது..."

"ஒடம்புக்கு என்னா? உன்னவிட ஜாஸ்தி நேரம் அடியில இருக்கேன்." கண்ணாடியை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "தண்ணிக்குள்ள கையப் புடிச்சிக்கிட்டு வர்ற. கரைக்கு வந்தா கலெக்டரப் பாத்த மாரி எழுந்து ஓடுறீங்க."

"சும்மா காத்தாட..."

"எனக்குத் தெரியாதா? பினாங்குல நான் பாக்காத பொகையா? ஒரு சிகரெட்டுக்கு எவ்ளோ நேரம் ஆவும்? நீங்க மத்தியானம் லுஹருக்குப் போனா சாயங்காலம் அஸருக்குத்தான் வரீங்க. அங்க சிரிக்கிறது இங்க வரைக்கும் கேக்குது. இங்க வந்தா மூஞ்சி மாறிப்போவுது." கண்ணாடியைக் கீழே இறக்கினார். "கூட்டாளி வேணும்னுதான்பா இந்தச் சனியன அவ்ளோ தூரத்துலேருந்து தூக்கிட்டு வந்தேன். உங்க சட்டைக்குக் காவல் இருக்க இல்ல."

தோப்பில் இதைச் சொன்னேன். குமாஸ்தா மச்சான் பற்றவைக்காத சிகரெட்டைக் காதில் செருகினான்.

"மரியாதைக்குத்தானடா இங்க வந்து நிக்கிறோம்?"

"அதைப் போய்ச் சொல்லு. உங்க மேல மரியாதை ஜாஸ்தி மாமா, அதான் உங்கள விட்டுட்டு ஓடுறோம்னு" என்றேன்.

"ஞாயித்துக்கெழம மட்டும் குடிக்காம இருந்துடுவோம்" என்றான் மருந்துக்கடைக்காரன்.

"நீ இருப்பியா?" என்றான் குமாஸ்தா.

அவன் தன் கையிலிருந்த சிகரெட்டைப் பார்த்தான். காற்று சவுக்கு ஊசிகளுக்குள் நுழைந்து நுழைந்து வந்தது. இங்கேயே குடியுங்கள் என்று மாமா சொல்ல முடியாது. சொன்னால் அவர் பெரியவரே இல்லை. குடிக்கட்டுமா என்று நாங்கள் கேட்கவும் முடியாது. கேட்பதே குடிப்பதைவிட மோசம். கேட்காமல், சொல்லாமல் யாராவது ஒருவன் செய்ய வேண்டியதுதான். அந்த ஒருவன் யார் என்பதற்கு இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். அவருக்கு ஜோடி நான்தானே.

"என் அப்பன் எதுருலகூட நான் செஞ்சதில்ல" என்றேன்.

"எவன்தான் செஞ்சான்?" என்று முதுகில் தள்ளினான் குமாஸ்தா மச்சான்.

திரும்பி வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்தோம். அவ்வளவு சீக்கிரம் நாங்கள் திரும்பியதே இல்லை. மாமா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். நான் சிகரெட்டை எடுத்து உதட்டில் வைத்தேன். பரீட்சை மண்டபத்தில்கூட எனக்கு அப்படி வாய் உலர்ந்ததில்லை. மச்சானின் காது மடல் சிவந்துவிட்டது. மருந்துக்கடைக்காரன் தூரத்தில் இல்லாத ஒரு படகை எண்ணிக்கொண்டிருந்தான்.

குச்சியைக் கிழித்தேன், அணைந்தது. இன்னொன்று கிழித்தேன். கடல் காற்று அதையும் ஊதிவிட்டது. மாமாவின் கை துடைப்பதை நிறுத்தியிருந்தது. முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மணலைத்தான் பார்த்தேன். மணலில் அவர் முழங்கால் நகர்ந்து என் பக்கம் வந்தது.

"காத்துல எப்புடிடா பத்தும்?"

இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து என் முகத்துக்கு முன்னால் வைத்தார். நீரில் ஊறி விரல்நுனி சுருங்கிய கைகள், ரப்பரும் உப்பும் மணந்தன. அந்தக் கைகளுக்குள் குச்சி நின்று எரிந்தது. நான் பற்றவைத்துக்கொண்டேன்.

"அந்தப் பக்கம் ஊது. கண்ணு எரியுது."

ஊதினேன்.

"அதான பாத்தேன். காத்த அந்தக் குடி குடிக்கிறியேன்னு." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க அத்தா வந்து கேட்டா, நான் தண்ணிக்குள்ள இருந்தேன், எதையும் பாக்கலன்னு சொல்லிடுவேன்" என்றார்.

என்னிடமிருந்து மச்சான் பற்றவைத்தான், அவனிடமிருந்து மருந்துக்கடைக்காரன். யாருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. புகை தாறுமாறாகப் போய் மாமாவின் தாடியில் சிக்கியது. அவர் விசிறிக்கொண்டே கேட்டார்:

"அங்க எதுக்குச் சிரிச்சிக்கிட்டு இருந்தீங்க, வாராவாரம்?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அது மச்சானின் டிக்கெட் ஜன்னலுக்கு வந்துபோகும் ஒரு பெண்ணின் கதை. வாராவாரம் வளர்ந்துகொண்டே வந்த கதை. பெரியவர்கள் காதில் விழக்கூடாத கதை.

"அது ஒண்ணுமில்ல மாமா" என்றான் அவன். "போன வாரம் அந்தப் பொண்ணு சில்லறையை வாங்காம..."

"இரு இரு" என்று மாமா கண்ணாடியை மடியில் வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "எந்தப் பொண்ணு? மொதல்லேருந்து சொல்லு."