ஆள் ஏறாத பஸ்

எங்கள் ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அதை விட்டால் மெயின் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் சென்னை, திருப்பூர், துபாய் என்று போய்விட்டார்கள். மிஞ்சிய ஆம்பிளைகளிடம் பைக் இருக்கிறது. பஸ்ஸை நம்பி இருப்பது பொம்பிளைகளும், சிறுநீரகம் கெட்டுப்போன என் வீட்டுக்காரரும்தான். பாளையங்கோட்டையில் அவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நாலு கிலோமீட்டர் என்ன, நாற்பது அடி நடந்தாலே மூச்சு வாங்கும்.

போன ஆனியில் டிப்போவிலிருந்து சேதி வந்தது. ஒரு வாரம் ஆள் கணக்கு எடுப்பார்களாம். ஆள் இல்லையென்றால் பஸ்ஸை நிறுத்திவிடுவார்களாம். வீடு வீடாகப் போய்ச் சண்டை பிடித்தேன்.

"சோலி இருக்கோ இல்லையோ, இந்த வாரம் எல்லாரும் பஸ் ஏறிருங்கட்டி. ஜங்ஷனச் சுத்திப் பாத்துட்டு சாயங்காலம் வாங்க."

கார் பருவ நெல் நடவுக்குப் போகிறவள்கூடக் கூலியை விட்டுவிட்டு ஏறினாள். திங்கள் முதல் பஸ்ஸில் நிற்க இடமில்லை. நான் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை வாய்க்கால் பாலத்தில் செக்கர் ஏறினார். "டிக்கெட்டை எடுங்க" என்றார். என் வீட்டுக்காரரும் இன்னும் மூன்று ஆம்பிளைகளும் மட்டும் நீட்டினார்கள்.

பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் காசில்லாத டிக்கெட் வாங்க வேண்டும், அதுதான் ஆள் கணக்கு. எங்கள் ஊரில் யாரும் வாங்குவதில்லை. காசு கொடுக்காமல் கை நீட்டுவதற்கு ஒரு கூச்சம். கண்டக்டரும் பழகிய மனுஷன், சிரித்துக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார். "இத்தன பேருக்கும் கிழிச்சா அண்ணாச்சிக்குக் கை வலிக்காதா, விடுங்கட்டி" என்று அந்த வாரம் முழுக்கச் சொன்னது நான்தான். புத்தி கெட்டவள்.

செக்கர் மெஷினைத் தட்டிப் பார்த்தார். "திங்கக்கிழமையிலேர்ந்து தினமும் நாலஞ்சு பேருதான் வந்ததா இருக்கு."

மெஷினைக் கண்டக்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நீங்க வாங்காம வந்திருந்தா, அது பயணிக் கணக்குல வராது. கண்டக்டர் கொடுக்கலைன்னா அவருக்கு சஸ்பென்ஷன், நீங்க வந்ததா நான் எழுதிருவேன். எது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கண்டக்டர் மட்டும் வெளியே வாழைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள் என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்காரர், ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையால் என் சேலையை இழுத்தார்.

"ஏட்டி, பொய் சொல்லாத. பாவம்."

அந்தக் கையைப் பார்த்தேன்.

"அவரு குடுக்கல சார்" என்றேன். "நாங்க கேட்டோம். குடுக்கல."

பின்னாலிருந்து ஒருத்தி "ஆமா" என்றாள். பிறகு எல்லாரும் சொன்னார்கள். செக்கர் எழுதினார். கண்டக்டர் கையெழுத்துப் போட்டார். அந்த எழுத்தால்தான் எங்கள் ஊருக்கு இன்றைக்கும் பஸ் வருகிறது. திங்கட்கிழமையிலிருந்து வேறு கண்டக்டர்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்ததும், என்றைக்கும்போல அந்தக் கண்டக்டர்தான் முதலில் இறங்கி என் வீட்டுக்காரருக்குக் கை கொடுத்தார்.

"பைய இறங்குங்க அண்ணாச்சி. அவசரமில்ல, வண்டி நிக்கும்."

நான் சீட்டில் விட்டுவிட்டு வந்த மாத்திரைக் கவரை எடுத்து என்னிடம் நீட்டினார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.