கண்ணாடிக் கடைக்காரரின் அதிர்ச்சி ஒத்திகை

புருவம் நெற்றிக்கு ஏறுகிறது, வாய் பாதி திறக்கிறது, இடது கை நெஞ்சுக்குப் போகிறது. “ஐயோ! அவளேதானா அது!” கடைச் சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடியில் தன்னையே பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். சரியாக வரவில்லை. கையைக் கன்னத்துக்கு மாற்றி மறுபடி அலறுகிறார். இப்போது பல்வலிக்காரர் போல இருக்கிறது.

ஐம்பது தாண்டியவர். யார் எதிரே வந்தாலும் முதலில் மூக்கைத்தான் பார்ப்பார். ஒரு கல்யாண வரவேற்பில் பரிசைக் கொடுத்துவிட்டு, “தம்பி, உங்க மூக்குக்கு இந்த ஃபிரேம் நிக்காது” என்று மாப்பிள்ளையிடமே சொன்னவர். பொருந்தாத ஃபிரேமைப் பிரமாதம் என்று சொல்லி விற்க அவருக்கு வாய் வராது. அப்படிப்பட்டவர் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பொய்யாக அதிர்ச்சி அடைந்தாக வேண்டும். காரணம் ஒரு கழுதை.

வெளியூரில் இருக்கும் அக்காவும் இவரும் சேர்ந்து ஒரு மாயாஜாலக் கார்ட்டூன் தொடர் பார்க்கிறார்கள். ஞாயிறு மதியம் அக்கா போன் செய்வாள். இரண்டு வீட்டிலும் ஒரே சமயத்தில் டிவியைத் தட்டிவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே பார்ப்பார்கள். வெண்கல மணி வார்ப்பவரின் மகள் ஒருத்தி, சிறகுள்ள கழுதை மீதேறித் திருடர்களை விரட்டுகிற கதை. போன சீசன் கடைசியில் கழுதை செத்துப்போனது. அதை இவர் முன்கூட்டியே பார்த்துவிட்டு, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், “அந்தக் கழுதைய நினைச்சாத்தான் மனசு கேக்கல” என்று உளறிவிட்டார். அக்கா பல வாரம் பேசவில்லை. பிறகு பேசியபோதும், “ஹலோ, கண்ணாடிக் கடைங்களா?” என்றுதான் ஆரம்பித்தாள்.

“இன்னொரு தடவ நீ முந்திப் பாத்தது தெரிஞ்சுதுன்னு வை, அடுத்த சீசன் நான் எங்க மாப்பிள்ளையோட பாத்துக்கறேன்” என்றும் சொல்லிவைத்தாள். மகளின் கணவர் அவள் வீட்டோடுதான் இருக்கிறார்; அவளும் சொன்னால் செய்கிறவள். அந்த ஒரு மணி நேரமும் போய்விட்டால், அக்கா தம்பிக்குள் பேச மிஞ்சுவது முட்டிவலியும் சர்க்கரை அளவும்தான். அதைப் பேச இரண்டு வீட்டிலும் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

அப்படியும் வியாழக்கிழமை மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இந்த சீசனின் கடைசிப் பாகத்தை செல்போனில் பார்த்துவிட்டார். ஆரம்பம் மட்டும் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தார். கழுதையைக் காப்பாற்ற அந்தப் பெண் காலத்தில் பின்னோக்கிப் போகிறாள். இத்தனை நாள் அவர்களைத் தொடர்ந்து வந்த முகமூடிக்காரி முகமூடியைக் கழற்றினால், அது அவளேதான். கழுதை பிழைக்கிறது. ஆனால் மாறிப்போன காலத்தில் அது அவளைச் சந்தித்ததே இல்லை. யாரோ என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புல் மேய்கிறது. கண்ணைக் கசக்கக் கூடாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிற மனிதர், இரண்டு கண்ணையும் நன்றாகக் கசக்கினார். பெயர்கள் ஓடத் தொடங்கும்போது யாரோ ஷட்டரைத் தட்டவே, செல்போனை அணைத்து, லென்ஸ் துடைக்கிற துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அன்றிலிருந்து ஒத்திகை. போனில் முகம் எங்கே தெரியப்போகிறது என்று மனைவி கேட்டாள். “முகம் சரியா இருந்தாத்தான்டி குரல் சரியா வரும்.”

“வாங்குற மாத்திரையோட இதுக்கும் ஒண்ணு சேத்துக் கேளுங்க டாக்டர்கிட்ட.”

வெள்ளிக்கிழமை, பள்ளி வேன் ஓட்டுகிற பெண்மணி ஒருவர் ஒரு ஃபிரேமைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். பின்னால் நின்ற கடைக்காரருக்கு அப்போதுதான் சரியான முகம் அமைந்தது. புருவம், வாய், கை எல்லாம் கச்சிதம். “ஐயோ!”

“அவ்வளவு மோசமாவா இருக்கு?” என்றார் பெண்மணி.

“உங்களுக்கு இல்லம்மா. கழுதைக்கு.”

அந்த அம்மாள் ஃபிரேமைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டுப் போனவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நன்றாகவே நடந்தது. முகமூடி கழன்றதும் இவர் போட்ட சத்தத்தில், “கத்தாதடா, வசனம் கேக்கல” என்றாள் அக்கா. கழுதை அவளை யாரோ என்று பார்த்துவிட்டுப் புல் மேய்ந்தபோது இரண்டு வீட்டிலும் மூக்கு உறிஞ்சுகிற சத்தம். பெயர்கள் ஓடத் தொடங்கின. இவர் பெருமூச்சுவிட்டு ரிமோட்டை எடுத்தார்.

“இருடா, பாட்டு முடியட்டும்.”

பாட்டு முடிந்தது. பெயர்களும் முடிந்தன. அப்புறமும் படம் ஓடியது. தொழுவத்தில் கழுதை தனியாக நிற்கிறது. எங்கோ தூரத்தில் அந்தப் பெண் விசிலடிக்கிறாள். கழுதையின் ஒரு காது மட்டும் மெதுவாக அந்தப் பக்கம் திரும்புகிறது.

இவருக்குப் புருவமும் ஏறவில்லை, கையும் நெஞ்சுக்குப் போகவில்லை. “ஹிக்” என்றார்.

“என்னடா அது?”

“ஒண்ணுமில்லக்கா. ஹிக்.”

“டேய், நெஜமா அதிர்ச்சியானா உனக்கு விக்கல்தான் வரும். பரிட்சையில பாஸுன்னு சொன்னப்ப விக்கினே. பொண்ணு வீட்டுல சரின்னு சொன்னப்பவும் விக்கினே. ‘ஐயோ’ன்னு நீ கத்தி நான் கேட்டதே இல்ல. அப்போ இவ்வளவு நேரம் கத்தினது யாரு?”

“இந்தக் கடைசி மட்டும் நான் பாக்கலக்கா.”

“மத்ததெல்லாம்?”

“ஹிக்.”

“மாப்பிள்ள!” என்று அக்கா உள்பக்கம் திரும்பிக் கூப்பிடுவது கேட்டது. இவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். “அக்கா, அவரு வேணாங்க்கா! அவரு பாதியில தூங்கிடுவாருன்னு நீதானே சொன்ன!”

“மாப்பிள்ள, நீங்க சாப்பிட்டுப் படுங்க. நாங்க முடிக்க இன்னும் நேரமாகும்.” பிறகு போனுக்கு வந்தாள். “போய் ஒரு வாய் தண்ணி எடுத்துக்கோ. முழுங்காத, வாயிலயே வெச்சுக்கோ. முதல்லேர்ந்து போடறேன். இந்தத் தடவ கத்துறது நான் மட்டும்தான். புரிஞ்சுதா?”

விக்கல்காரர் வாயில் தண்ணீரை நிறுத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. கொஞ்சம் சட்டையில் வழிந்தது. மிச்சத்தை இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொண்டு, பலமாகத் தலையை ஆட்டினார்.

“புரிஞ்சுதாடா?”

விரலை மடக்கி, போனின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.