ஒருவழியின் துணி

காற்றாலைகள் கடலுக்குள் நின்று சுற்றினால் மட்டும் போதுமா? மின்சாரம் கரை ஏற வேண்டாமா? கடலடியில் வரும் கேபிளையும் கரைக் கேபிளையும் இணைக்கும் இடம், கடலோர மணலில் தோண்டிய ஒரு குழி. குழிக்கு மேல் தூசி புகாத கூடாரம். அதற்குள் உட்கார்ந்து இணைப்பு போடுகிறவருக்குக் கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர் ‘ஒருவழி’.

காரணம் அவர் துடைக்கும் விதம். கேபிளின் வெள்ளை உறையில் துணியை வைத்தால், அதையொட்டிய கறுப்பு உறையில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். திருப்பி இழுக்கவே கூடாது. கறுப்பிலிருந்து துளி கரி வெள்ளைக்கு வந்துவிட்டால் என்றைக்காவது ஒருநாள் இணைப்பு வெடிக்கும். சோதனையில் மட்டும் சமர்த்தாகத் தப்பித்துவிடும், அதுதான் வம்பே. வீட்டுச் சாப்பாட்டு மேசையைக்கூட மனிதர் ஒரே பக்கமாகத்தான் துடைப்பார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்பேர்ப்பட்டவருக்கு இன்று மண்டை குழம்பிப் போயிற்று. கடைசி இணைப்பைத் துடைத்தது நினைவிருக்கிறது, எந்தப் பக்கமாகத் துடைத்தோம் என்பது இல்லை. எல்லாம் மூடி முடித்த பிறகுதான் சந்தேகமே வந்தது. சரியாகத்தான் துடைத்திருப்போம் என்று தேற்றிக்கொள்வார். அடுத்த நிமிடமே சந்தேகம் திரும்ப முளைக்கும். மேற்பார்வையாளரிடம் சொன்னார். இணைப்பை வெட்டினால் முதலிலிருந்து வேலை, மேலே இருப்பவர்கள் பிடுங்கி எடுப்பார்கள், அதனால் தப்பு நடந்ததா இல்லையா என்று காலைக்குள் ஒன்று சொல்லுங்கள் என்றார் அவர். தெரிந்தால் சொல்லமாட்டாரா, பாவம்?

சாயங்காலம் மனைவியிடம் புலம்பினார். கூடாரத்துக்குள் போகும் முன்னால்தானே மகள் போன் செய்தாள் என்று அவள் கேட்டாள். ஆமாம், புருஷனை விட்டு வந்துவிட்டதாகச் சொன்னாள். உன் இஷ்டம்மா என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். வளர்ந்த பெண், அவள் வாழ்க்கை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எரிந்து விழுந்தார்.

மனைவி ஈரத்துணியைக் கையில் கொடுத்து மேசையைத் துடைக்கச் சொன்னாள். துடைத்தார். ஒரே பக்கம்தான். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. துடைத்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

“உங்ககிட்ட அழாம சொல்லணும்னு, நம்ம பொண்ணு கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டாளாம்.”

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“கையைப் பாருங்க,” என்றாள்.

துணி முன்னும் பின்னுமாகப் போய்வந்துகொண்டிருந்தது. எப்போதிருந்து என்று அவருக்கே தெரியவில்லை.

மேற்பார்வையாளரைப் போனில் அழைத்து, வெட்டிவிடலாம் என்றார். ஞாபகம் வந்துவிட்டதா என்று அவர் கேட்டார். இல்லை, இன்னும் தெரியவில்லை என்று சொல்லி வைத்துவிட்டு, மகளுக்குப் போன் போட்டார்.

“காலையில நான் சரியாக் கேக்கலம்மா. முதல்லேருந்து சொல்லு. அழுதுக்கிட்டே சொன்னாலும் பரவாயில்ல.”