நான் அமுக்கி மூடிய போன்

போன வருடம் கார்த்திகை மாதம், கம்பத்தில் நடந்தது இது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. செல்போன் கவர், டெம்பர் கிளாஸ், சார்ஜர், இயர்போன், அவ்வளவுதான். ஒரு ஆள் உள்ளே நின்றால் அடுத்த ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். பதினொரு வருடமாக நான் தனியாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். என் கணவர் லாரி ஓட்டுகிறார். வாழைக்காய் லோடு ஏற்றிக்கொண்டு போனால் வர நாலு நாள் ஆகும்.

கவர் விற்பதில் எனக்கு ஒரு வித்தை உண்டு. என் சொந்தப் போனைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, அப்படியே சிமெண்ட் தரையில் போட்டுக் காட்டுவேன். வாங்க வந்தவர் பதறிப் போவார். எடுத்துக் கையில் கொடுப்பேன், ஒரு கீறல் இருக்காது. அதற்கப்புறம் யாரும் பேரம் பேசுவதில்லை. ஊரில் என் கடைக்கு இதனாலேயே ஒரு பெயர் இருந்தது. எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம்தான்.

ஒரு சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். மேலே கேரளா பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வருகிற பெண்களில் ஒருத்தி என்பது பார்த்ததுமே தெரிந்தது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கையில் தூக்குவாளி. செகண்ட் ஹேண்டில் வாங்கிய போன் ஒன்றை நீட்டினாள். சுற்றிலும் அலுமினிய ஃப்ரேம் போட்ட, ஒரு காலத்தில் விலை உயர்ந்த போன்.

"காயெடுக்கக் குனிஞ்சா இடுப்புலருந்து விழுந்துருதுக்கா. நல்ல கெட்டியான கவரா குடுங்க."

வாங்கிப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் பின்பக்கக் கண்ணாடிக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே லேசாக இடைவெளி விட்டிருந்தது. விரல் நகம் நுழையும். அவளே காட்டினாள். "இந்தா, இங்கன வாய் பொளந்துருக்கு பாருங்க. சீக்கிரம் சூடும் ஆயிருது."

"வீடியோ பாத்தா எல்லாப் போனும் சூடாத்தாம்மா ஆகும். கீழ விழுந்து விழுந்து பசை விட்டுருக்கு, அம்புட்டுதான்" என்று சொல்லி, இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினேன். ஒட்டிக்கொண்டது, விட்டதும் மறுபடி எழும்பியது. அதற்கும் என்னிடம் மருந்து இருந்தது. ஓரம் முழுக்க மெட்டல் பட்டை வைத்து, நாலு மூலையிலும் திருகாணி போட்டு முடுக்குகிற கவர். மயில் கழுத்து நிறத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. போனை உள்ளே வைத்து, அமுக்கிப் பிடித்துக்கொண்டு நாலு திருகாணியையும் இறுக முடுக்கினேன். இடைவெளி இருந்த இடமே தெரியவில்லை. வழக்கம்போல என் போனைத் தரையில் போட்டுக் காட்டி, "ஜீப்பு ஏறுனாலும் ஒண்ணும் ஆகாது" என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். கடைக்குப் பக்கத்தில் போன் ரிப்பேர் பார்க்கிற கடை. கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அன்று கடை எடுத்துவைக்கிற நேரத்தில், "அக்கா, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். மேஜையில் யாரோ கொண்டுவந்த போன் திறந்து கிடந்தது. உள்ளே இருந்த பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. சப்பையாக இருக்க வேண்டிய பொருள் அப்படி ஊதியிருப்பதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"இதுதான்க்கா பின் கண்ணாடியத் தள்ளிக்கிட்டு வந்துருக்கு. ஓரத்துல வாய் பொளந்தா பேட்டரி உப்பிருச்சுன்னு அர்த்தம். பசை விட்டுருச்சுன்னு நெனச்சு அமுக்குவாக பாருங்க, அதுதான் ஆபத்து. கெட்டியா கவர் வேற போட்டுட்டா வெளிய தெரியவும் செய்யாது, உள்ளயே வெந்துக்கிட்டு இருக்கும். டக்குனு ஒருநாள் தீப்புடிச்சுரும்."

என் இரண்டு கட்டைவிரலையும் பார்த்தேன். அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, நம்பர் தெரியாது. லோடோடு ஓசூர் பக்கம் போய்க்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "எத்தன பேருக்கு வித்துருக்க, இதுவரைக்கும் ஏதாச்சும் ஆச்சா? பேசாம தூங்கு" என்றார். தூக்கம் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, ஏலத்தோட்ட ஜீப்புகள் ஆள் ஏற்றுகிற இடத்துக்குப் போனேன். ஜீப்புக்கு ஜீப் போய் விசாரித்தேன். ஆள் அடையாளம் சொன்னால் எல்லோரும் ஒரே மாதிரித்தான் இருந்தார்கள். கடைசியில் கவரைச் சொன்னதும் ஒரு டிரைவருக்குப் பிடிபட்டது.

"ஓரமெல்லாம் தகரம் வச்சு, மயில் கலருலயா? வாங்குன மறுநாள் வண்டில எல்லாத்துக்கும் காமிச்சுச்சு. இன்னைக்கு முன்னால போன வண்டில ஏறிருச்சு. மெட்டுல டீக்கு நிப்பாக. போனீகன்னா புடிச்சிரலாம்."

கம்பம்மெட்டு மலைப்பாதையில் நான் தனியாக வண்டி ஓட்டியதே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் எதிரே லாரி வந்தபோது உயிர் போய் வந்தது. அதைவிட, நெரிசலான ஜீப்புக்குள் பதினைந்து பெண்களுக்கு நடுவே அந்தப் போன் புகைவது போலவே கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பனிமூட்டத்தில் மேலே போய்ச் சேர்ந்தபோது, செக்போஸ்ட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் ஜீப் நின்றிருந்தது. அவளும் டம்ளரோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து சிரித்தாள்.

"போன் எங்கம்மா? அத மொதல்ல வெளிய எடு" என்றேன்.

"போனா? வீட்லல்ல இருக்கு. அவுகளுக்குப் போன வாரம் கால் ஒடஞ்சுருச்சுக்கா, கட்டுப் போட்டு உக்காந்துருக்காக. அவுகதான் பிள்ளயப் பாத்துக்கிறாக. பாட்டு ஓடுனாத்தான் பிள்ள தூங்கும். அதான் தொட்டில்லயே போட்டுட்டு வந்துருவேன்."

சட்டென்று எனக்குக் காதே கேட்காமல் போய்விட்டது போல இருந்தது. "தொட்டில்லயா?" என்று மறுபடி கேட்டேன்.

"தலமாட்டுல வச்சிருவேன். சார்ஜும் நிக்க மாட்டேங்குது, அதனால வயர சொருகியே வச்சிருக்கோம். ஏன்க்கா, என்ன?"

எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லி முடிப்பதற்குள் அவள் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்திருந்தது. என் போனில் அவள் நம்பரைப் போட்டோம். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பதிவுக் குரல் சொன்னது.

"ஆஃப் பண்ண மாட்டாகளே" என்றாள். "பாட்டு ஓடிக்கிட்டுல்ல இருக்கும்..."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எரிந்துபோன போனுக்கும் அதே பதில்தான் வரும் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் அது தோன்றிவிட்டதை முகம் காட்டியது. பக்கத்து வீட்டு நம்பர் சொல் என்றேன். எல்லா நம்பரும் அந்தப் போனுக்குள்தான் இருந்தது. தன் நம்பரைத் தவிர அவளுக்கு மனப்பாடமாக வேறு ஒன்றுகூடத் தெரியவில்லை, வீட்டில் வேறு போனும் இல்லை. ரிப்பேர் கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வீடு சின்னமனூரில். "இப்பவே கெளம்புறேன்க்கா, ஆனா உங்களுக்கு முந்தி வர முடியாது. மெயின் சுவிட்ச அணைங்க. போன வெளிய கொண்டுபோயி மண்ணுல போடுங்க. கவரக் கழட்டாதீக, தெரியுதா?" என்றார்.

அவளை ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். வழி நெடுக அவள் என் சேலை முந்தானையை முறுக்கிப் பிடித்திருந்தாள், கழுத்து இறுகியது. நானும் விடச் சொல்லவில்லை. கம்பத்தைத் தாண்டி, சுருளிப்பட்டி ரோட்டில் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே திரும்புகிற மண்பாதையில் அவள் வீடு. வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து ஓடினாள்.

வாசலில் ஒரு நாற்காலியில் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். "என்னடி, வேலைக்குப் போகலயா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே நாங்கள் உள்ளே நுழைந்துவிட்டோம்.

உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது. சுவரிலிருந்து ஒரு வெள்ளை வயர் தொட்டிலுக்குள் ஏறியிருந்தது. நான் சுவிட்சை அணைத்தேன், அவள் குழந்தையை வாரி எடுத்தாள். பத்து மாதப் பெண் குழந்தை. தூக்கக் கலக்கத்தில் வீறிட்டது. போன் பக்கம் இருந்த கன்னம் மட்டும் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது.

வயரைப் பிடுங்கிவிட்டுப் போனை எடுத்தேன். அப்போதுதான் இஸ்திரி போட்ட துணியைத் தொட்டது போல ஒரு சூடு. சேலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். பக்கத்தில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலுக்குப் போய்விட நினைத்தேன். முடியவில்லை, கை பொறுக்கவில்லை, நடுவிலேயே நழுவித் துவைக்கிற கல்லில் விழுந்து தெறித்து மண்ணில் கிடந்தது. பாட்டு நிற்கவில்லை. கவரின் ஒரு மூலைகூட நசுங்கவில்லை.

பிறகு உள்ளேயிருந்து குக்கர் மூச்சு விடுவது போல ஒரு சத்தம் வந்தது. வெள்ளைப் புகை சீறியது. நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டி நின்றேன். அடுத்த நொடி ஒரு முழ உயரத்துக்குத் தீ எழும்பியது. அவள் கணவர் ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வாசல் வரை வந்து நின்றுவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து மணலை அள்ளி அள்ளிப் போட்டார்கள். அடங்கிய பின் பார்த்தோம். அலுமினிய ஃப்ரேமும் நான் முடுக்கிய மெட்டல் பட்டையும் கருத்துப்போய் அப்படியே சட்டம் போல நின்றன. நடுவில் இருந்தது எல்லாம் கரி.

ரீசார்ஜ் பண்ணச் சொல்லிக் கம்பெனிக்காரர்கள் ஓயாமல் போன் செய்து பிள்ளையை எழுப்பிவிடுகிறார்கள் என்று, அவள் கணவர்தான் சிக்னலை அணைத்துவிட்டுப் பாட்டை மட்டும் ஓடவிட்டிருக்கிறார். கூடியிருந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். ஒரு பெண் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மேல மெட்டு வரைக்கும் போயி கூட்டியாந்துருக்காகளே, யாரு செய்வா" என்றாள்.

அந்தப் புகழ்ச்சியை வாங்கிக்கொண்டு நான் கிளம்பியிருக்கலாம். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் குழந்தை தாயின் தோளில் தலை சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்தக் கவரப் போட்டுக் குடுத்ததே நான்தான்" என்றேன். "பேட்டரி உப்பியிருந்தது எனக்குத் தெரியல. அமுக்கி மூடுனது என் கைதான்."

கையைப் பிடித்திருந்த பெண் விட்டுவிட்டாள். தாய் வாசற்படியில் உட்கார்ந்து, குழந்தையின் கன்னத்தைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்கே சொன்னேன்லக்கா, சூடாகுதுன்னு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் கணவர்தான் கடைசியில் பேசினார். "சரி, விடு. தெரிஞ்சதும் ஓடியாந்தாகல்ல. வராமயும் இருந்துருக்கலாம்." அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ரிப்பேர் கடைக்காரர் வந்து சேர்ந்து, கரிக்கட்டையை மணலோடு ஒரு தகர டப்பாவில் அள்ளினார். மத்தியானத்துக்குள் குழந்தையின் கன்னச் சிவப்பு இறங்கிவிட்டது. டாக்டரிடமும் காட்டினோம், ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். அதைக் கேட்டதும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வாரம் அவளை வரவழைத்து, பழுதில்லாத போன் ஒன்றைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். வாங்கியதும் நேராகப் பக்கத்துக் கடைக்குப் போய், "இதத் தொறந்து பேட்டரியப் பாத்துச் சொல்லுங்கண்ணே" என்று கேட்டு, அவர் திறந்து காட்டி, சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் பையில் போட்டாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனால் அவள் செய்ததுதான் சரி.

இப்போதும் அதே கடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். தரையில் போனைப் போட்டுக் காட்டுவதை நிறுத்திவிட்டேன். யார் கவர் கேட்டாலும், முதலில் போனைக் கண்ணாடி மேஜையில் படுக்க வைத்து மூலையைத் தட்டிப் பார்க்கிறேன். ஆடினாலோ ஓரம் தூக்கியிருந்தாலோ பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிடுகிறேன். வியாபாரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கணவர்கூடக் கேட்டார், எதற்கு இவ்வளவு பயம் என்று. பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட என்னை உறுத்துவது வேறு ஒன்று. தோட்டத்து வேலைக்காரப் பெண்ணுக்குப் போனைப் பற்றி என்ன தெரியும் என்று அன்று நான் நினைத்துவிட்டேன். தன் கையில் இருக்கிற பொருளைப் பற்றி அவளுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது என்பதை ஒத்துக்கொள்ள, எனக்கு ஒரு தொட்டில் வரை போய் நிற்க வேண்டியிருந்தது.