உண்ண அமருங்கள்

சென்னையிலிருந்து வந்த எங்கள் தலைவரை இன்று நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. ஆந்திரம் தனி மாநிலமாகிவிட்டது; எந்த ஊர் எந்தப் பக்கம் என்று எல்லைத் தகராறு ஓடிக்கொண்டிருந்த காலம். சித்தூரிலிருந்து திருத்தணிவரை ஊர் ஊராகச் சைக்கிளில் போய், இது தமிழ் மண் என்று முழங்குவது திட்டம். எட்டுப் பேரில் ஏழு பேர் உள்ளூர்க்காரர்கள். எட்டாவது ஆள், தலைவர்.

இரண்டாம் நாள் திருப்பதியிலிருந்து கிளம்பினோம். மத்தியானச் சாப்பாடு நாராயணவனத்தில், என் அக்கா வீட்டில். அது லேசில் கிடைத்த சாப்பாடு இல்லை. அக்காள் புருஷன் அந்தப் பக்கத்து ஆள், தெலுங்குக்காரர். சித்தூர் ஜில்லா ஆந்திரத்திலேயே இருக்கட்டும் என்பவர். அவரோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, "நானு தமிழு. என் தம்பியும் கூட்டாளிங்களும் வருவாங்க, ஆக்கிப் போடத்தான் போறேன்" என்று அக்கா ஜெயித்திருந்தாள். எனக்கும் சொல்லியனுப்பியிருந்தாள்: "உச்சிக்குள்ள வந்துடு. இந்த மனுசன் முன்னால என் மானத்த வாங்கிடாத."

அவள் மானம் என் சைக்கிளில் ஏறி உட்கார்ந்திருந்தது. சைக்கிளோ நகர்ந்தால்தானே! தலைவரை முந்தக் கூடாது என்பது சட்டம். அவரோ மரம் கண்ட இடமெல்லாம் இறங்கிப் பேசினார். மாடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு தெலுங்கர்களுக்கு அரை மணி நேரம் தமிழின் பெருமையைச் சொன்னார். அவர்களும் பாவம், மரியாதைக்குத் தலையாட்டினார்கள்.

போதாக்குறைக்கு எங்கள் பேச்சையும் திருத்திக்கொண்டே வந்தார். சைக்கிள் என்றால் மிதிவண்டி. நைனா என்றால் தந்தை. "எங்க நைனாவ நைனான்னு கூப்ட்டா இவருக்கு எங்க நோவுது?" என்று பின்னால் வந்தவன் முணுமுணுத்தான்.

வடமாலைப்பேட்டையில் அவர் டயரே பஞ்சராயிற்று. சைக்கிள் கடைக்காரரிடம் தாமே பேசுவதாக முன்னால் போனார்.

"ஐயா, மிதிவண்டியில் வளி இறங்கிவிட்டது."

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வலின்னா ஆஸ்பத்திரிக்குப் போ சாமி. நம்மளாண்ட பஞ்சர்தான் ஒட்டுவோம்."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். தலைவர் சிரிக்கவில்லை. வளி என்றால் காற்று என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். ஏன், காற்று என்ன இங்கிலீஷா? டியூப் தண்ணீர்த் தொட்டியில் கிடக்க, கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். உச்சிப்பொழுது தாண்டிப் போயிற்று. எனக்கு வயிற்றெரிச்சலில் பசிகூடத் தெரியவில்லை.

நாராயணவனம் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. வாசலில் முக்காலி போட்டு மாமா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆனால் அக்கா முகம் சுளிக்கவில்லை. சோற்றை மறுபடி வடித்து, குழம்பைச் சூடாக்கி வைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து போயிற்று.

"வாங்க, வாங்க. கை கால் கழுவிக்கினு துன்ன உக்காருங்க."

நாங்கள் உட்கார்ந்தோம். தலைவர் மட்டும் நின்றார்.

"அம்மையே, துன்ன என்பது கொச்சை. உண்ண அமருங்கள் என்பதுதான் தமிழ். எல்லையில் நம் மொழி இப்படிக் கெட்டுக் கிடப்பதைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது."

என் நெஞ்சும்தான் பதறியது, அவர் கழுத்தைப் பிடிக்க முடியவில்லையே என்று. மாமா வேடிக்கை பார்க்க முக்காலியை மெதுவாக உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

தலைவர் உட்கார்ந்ததும் அக்கா கரண்டியை எடுத்தாள். பிறகு இலை இலையாகப் பரிமாறிக்கொண்டு வந்தாள். தலைவர் இலைக்கு முன்னால் குனிந்து, "இங்கொஞ்செம் வெய்யனா அண்டி?" என்று, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்பதைத் தெலுங்கில் கேட்டாள். அவருக்குப் புரியவில்லை, பெருந்தன்மையாகப் புன்னகைத்தார். அடுத்த இலைக்கும் தெலுங்கு. அதற்கடுத்ததும் தெலுங்கு. என் இலைக்கு வந்தாள்.

"இங்கொஞ்செம் வெய்யனா?"

"அக்கா, என்னாண்டயாவது தமிழ்ல பேசு."

"நாக்கு அரவம் ராதுரா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

தனக்குத் தமிழ் வராதாம். சின்ன வயதில் என்னைத் தமிழில் திட்டித் திட்டியே வளர்த்தவள் சொல்கிறாள்.