அம்மாவுக்குக் கிடைக்காத அம்மா வேஷம்

சரவணம்பட்டியில் மகன் வீட்டில், சாயங்காலமானால் டிவி முன்னால் எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. இரண்டாம் கிளாஸ் வரைக்கும் போனவள்தான் நான், இன்னமும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எந்த வேஷத்துக்கு யார் பொருந்துவார்கள் என்று நான் சொன்னால் தப்பாது. போன வாரம் ஒரு நாடகத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். மருமகள் மூக்கை உறிஞ்சினாள்.

"இவளைப் போயித் தாயின்னு போட்டிருக்காங்க பாரு. சேதி வாரதுக்கு மின்னாடியே மார்ல அடிக்கக் கையைத் தூக்கிக்கறா. நம்பற மாதிரியா இருக்குது?" என்றேன்.

"உங்களுக்கு யாரு அழுதாலும் புடிக்காதுங்க அத்தை," என்றாள் அவள்.

வாஸ்தவம்தான். எல்லாம் எங்கள் ஊருக்கு ஒரு படக் கம்பெனி வந்ததில் ஆரம்பித்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. காரமடைக்குப் பக்கத்தில் ஊர். அம்மாவும் அப்பாவும் ஒரு பெரிய தோட்டத்தில் கூலி வேலை. அந்த மாசியில் தோட்டத்துக் கிணற்றடியில் படம் பிடிக்க மெட்ராஸ்காரர்கள் வந்து இறங்கினார்கள். கடலைக்காய் பறித்துக்கொண்டிருந்த பெண்களை வரிசையாக நிற்க வைத்து, டைரக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அம்மாவிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"நான் தேடிட்டிருந்த முகம் இதுதான்யா," என்றார்.

காட்சி இதுதான்: கிணற்றில் விழுந்து செத்த குழந்தையைக் கிடத்தியிருப்பார்கள். தாய் ஓடி வந்து பார்த்து அழ வேண்டும். அவ்வளவுதான், பேச்சு கிடையாது. அம்மா மாட்டேன் என்றாள். தோட்டத்துக்காரம்மா வந்து சொன்ன பிறகு தலையை ஆட்டினாள். அன்று பொழுது சாய்வதற்குள் ஊரில் நான் சொல்லாத வீடு பாக்கியில்லை. என்னோடு டூ விட்டிருந்தவள்கூட எனக்கு இலந்தைப்பழம் கொடுத்தாள்.

மறுநாள் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொம்மையைக் கிணற்று மேட்டில் போட்டார்கள். அம்மா ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். குனிந்து பார்த்தாள். துணி விலகியிருந்த பக்கம் இழுத்து அதன் காலை மூடினாள். பிறகு கையைத் தொங்கப்போட்டு நின்றாள்.

"அழும்மா!" என்று கத்தினார் டைரக்டர்.

மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் அம்மா காலை மூடிவிட்டு நின்றாள்.

"செத்தது உன் குழந்தைம்மா! இப்படி மரமாட்டம் நின்னா பார்க்கிறவன் எவன் நம்புவான்?"

"எனக்கு இவ்வளவுதானுங்க வருது," என்றாள் அம்மா.

கூட்டத்திலிருந்து ஒருத்தி, "நெசத்துக்கே வராதவளுக்குப் பொய்க்கு எப்புடிங்க வரும்?" என்றாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்குக் கட்டிவிட்டிருந்த சேலையை வாங்கி, கூட வந்திருந்த ஒரு நடிகைக்குக் கட்டிவிட்டார்கள். கண்ணில் ஏதோ மருந்து விட்டார்கள். அவள் விழுந்து புரண்டு அழுதாள் பாருங்கள், சிரித்த பெண்கள் அத்தனை பேரும் மூக்கைச் சிந்தினார்கள். நானும் அழுதேன். அம்மாவின் இடுப்பில் ஒரு குடத்தைக் கொடுத்துக் கூட்டத்தோடு பின்னால் நிற்கச் சொன்னார்கள். நின்றாள்.

வீட்டுக்குப் போகும்போது நான் அவளோடு சேர்ந்து நடக்கவில்லை. முன்னால் போய்த் திரும்பி நின்று கேட்டேன்: "உனக்கு அழுகக்கூடத் தெரியாதா? நான் ஊரெல்லாம் சொல்லிப்போட்டேன்!"

"தெரியலையே கண்ணு," என்றாள்.

அதற்கு முந்தின ஐப்பசியில்தான் என் தம்பி காய்ச்சலில் போயிருந்தான். இரண்டு வயது. நான் அப்போது காரமடையில் அத்தை வீட்டில் இருந்தேன். புதைத்த பிறகுதான் என்னைக் கூட்டி வந்தார்கள். அன்றைக்கு நடந்ததை, நானே இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, அப்பாவின் தங்கையான அந்த அத்தைதான் சொன்னாள்.

"அத்தனை பொம்பளைக கட்டிப்புடிச்சு ஒப்பாரி வெக்கறாங்க, உங்கம்மா கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. பெத்தவளாட்டவே இல்லைன்னு ஊரே பேசுச்சு. துணியை இழுத்து இழுத்துப் பையன் காலை மூடிக்கிட்டே நின்னா. குளுரும்னு நெனச்சாளோ என்னமோ."

அத்தை அதைச் சொன்ன நாளிலிருந்து திரையில் யார் அழுதாலும் நான் முகத்தைப் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்க்கிறேன்.

ஆனால் அந்தப் படம் எங்கள் ஊர் டூரிங் கொட்டாய்க்கு வந்தபோது எனக்கு இதொன்றும் தெரியாது. மணலைக் குவித்து மேடாக்கி, அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். கிணற்றடி வந்தது. நடிகை புரண்டாள். கொட்டாயே தேம்பியது. பின்னால் நின்ற கூட்டத்தில் ஒரு குடமும் அம்மாவின் முழங்கையும் மட்டும் தெரிந்தன.

பக்கத்தில் ஏதோ அசைந்தது. திரும்பினேன். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. வேஷம் கைவிட்டுப் போய்விட்டதே என்றுதான் அழுகிறாள் என்று எனக்குப் பட்டது. பாவமாக இருந்தது. போகட்டும் என்று மன்னித்துவிட்டேன். அவள் கையைப் பிடித்துக் காதோடு சொன்னேன்:

"அழுவாதம்மா. அடுத்த படத்துல உன்னையே போடுவாங்க."

"செரி கண்ணு," என்றாள் அம்மா.