அரிதாரம் ஒட்டாத புடவை

என் வீட்டுக்காரர் கூத்தாடி. சிலர் அந்தச் சொல்லை வசவாகச் சொல்வார்கள். நான் நிமிர்ந்து நின்றுதான் சொல்வேன். உத்திரமேரூர் சுற்றுப்பக்கத்தில் பெண் வேஷம் கட்ட அந்தக் காலத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. மாசி பிறந்து விட்டால் ஆடி முடியும்வரை ஊர் ஊராகக் கூத்து. ஆடுவதும் பாடுவதும் பேர் வாங்குவதும் அவர் பாடு. கூத்துப் பெட்டிக்குள் இருக்கிற துணிமணியும் கிரீடமும் என் பாடு.

அந்தத் துணிகளைக் கெடுக்க இரண்டே இரண்டு பேர்தான். வேர்வை ஒருத்தன், முகத்து வர்ணம் இன்னொருத்தன். அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள். எண்ணெய் சேர்க்காவிட்டால் முகத்தில் நிற்காது, சேர்த்தால் துணியை விடாது. கழுத்துப் பட்டையில், தோளில், காதோரம் உரசுகிற முந்தானையில் எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக இழுவிக்கொண்டு வரும்.

கிரீடத்துக்கும் அதே கதிதான். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாக் காகிதமும் ஒட்டிய கிரீடம். உள்ளே வேர்வை ஊறினால் பசை இளகிவிடும். ஒரு தடவை ராஜா வேஷக்காரர் தலையை உலுக்கி வசனம் பேசும்போது, நெற்றிக் கண்ணாடி கழன்று மத்தளக்காரர் மடியில் போய் விழுந்தது. ராஜா கோபப்படுகிற கட்டம் அது. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாளே நான் பழைய வேட்டியைக் கிழித்து, இரட்டையாக மடித்து, கிரீடத்துக்கு உள்ளே போட்டுக் கட்ட ஒரு குல்லாய் தைத்தேன். நாடாவை அவிழ்த்தால் தனியாகத் துவைத்துக் காயவைக்கலாம்.

ராஜா வேஷக்காரர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இன்னாம்மா இது, கொயந்தைக்குத் தெச்ச மாதிரி குல்லா தெச்சிக்கீற?"

"கொயந்தைக்குக் கூட இம்மாம் வேர்க்காது மாமா. பேசாம போட்டுக்குங்க" என்றேன்.

போட்டுக்கொண்டார். அந்தக் கிரீடத்தில் அதற்கப்புறம் கண்ணாடி உதிரவில்லை.

வெல்வெட் சட்டைகளுக்கு அக்குளில் பிறை மாதிரி துணி வெட்டி, பெரிய பெரிய தையலாக ஓட்டிவிடுவேன். காலையில் நூலை உருவினால் கையோடு வந்துவிடும். சட்டையைத் துவைக்க வேண்டியதில்லை, பிறையைத் துவைத்தால் போதும். துணியில் அரிதாரம் பட்டால் ஆம்பளைகள் உடனே ஈரத் துண்டால் துடைக்க வருவார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வரும். எண்ணெய்க் கறையில் தண்ணீர் பட்டால் கறை உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். முதலில் அதன்மேல் திருநீற்றைக் கொட்டி, அப்படியே விட்டுவிட வேண்டும். சாம்பல் எண்ணெயைக் குடிக்கும். பிறகு தட்டிவிட்டு, பூந்திக்கொட்டை நுரையில் நனைத்து, தேய்க்காமல் அமுக்கி அமுக்கி எடுக்க வேண்டும். கோயில் கூத்தாயிற்றே, திருநீற்றுக்குப் பஞ்சமில்லை. பூசாரி மட்டும், "நெத்திக்கு வெச்சதை விட உன் சட்டைக்கு வெச்சதுதான் ஜாஸ்தி" என்பார்.

அம்மன் வேஷத்துக்குக் கட்டுகிற புடவைதான் இதில் பெரிய தலைவலி. அது பெட்டியில் இருக்கிற புடவை இல்லை. எந்த ஊரில் கூத்தோ, அந்த ஊர்ப் பெண்கள் வேண்டிக்கொண்டு கொடுக்கிற புடவை. அம்மன் ஒரு பொழுது உடுத்திக் களைந்ததைத் திரும்ப வாங்கிக் கட்டிக்கொண்டால் நல்லது என்று நம்பிக்கை. பத்து நாள் கூத்துக்கும் புடவை வரும். ஆனால் பாரதப் போர் முடிகிற கடைசி நாள் படுகளத்துக்குக் கொடுக்கத்தான் போட்டி. அன்றைக்குக் கூத்து பட்டப்பகலில் நடக்கும். களத்துமேட்டில் மண்ணால் பெரிய ராஜா உருவம் செய்து படுக்கவைத்திருப்பார்கள். அவிழ்ந்த தலையோடு அம்மன் வந்து, அவன் தொடையில் வைத்திருக்கிற கலயத்துக் குங்குமத் தண்ணீரை ரத்தமென்று தொட்டுத் தலையில் தடவி, கூந்தலை முடிந்து சபதம் தீர்ப்பாள். வைகாசி வெயில், முகம் நிறைய அரிதாரம், தலையில் ஒழுகுகிற சிவப்புத் தண்ணீர், காலில் பெண்கள் ஊற்றுகிற மஞ்சள் தண்ணீர். இத்தனைக்கும் நடுவில் யாரோ ஒருத்தியின் பட்டுப்புடவை.

காவாந்தண்டலத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அந்த வருஷம் கூத்து. படுகளத்துக்கு முந்தின நாள் மத்தியானம், நான் தோப்பில் சட்டைகளை உலர்த்திக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகாத ஒரு பெண், கூடையின்மேல் வைக்கோலைப் பரப்பிக்கொண்டு வந்தாள். வைக்கோலை விலக்கினால் அடியில் அரக்குப் பட்டு. மாம்பழ மஞ்சள் கரை, முந்தானைப் பேட்டு முழுக்க ஜரிகை. காஞ்சிபுரத்தில் எடுத்த அவளுடைய முகூர்த்தப் புடவை.

"யக்கா, நாளைக்கு அம்மனுக்கு இதைக் கட்டணும். அவருக்கு மஞ்சக்காமாலை வந்து படுத்துக்கினு இருந்தப்போ வேண்டிக்கினேன்."

"நல்லாக் கட்டலாம். வூட்ல சொல்லிட்டியா?"

அவள் வைக்கோலைக் கிள்ளினாள். அப்புறம் மெதுவாக விஷயம் வந்தது. வெள்ளிக்கிழமை அவள் நாத்தனாரைப் பெண் பார்க்கத் தென்னேரியிலிருந்து வருகிறார்கள். அன்றைக்கு நாத்தனார் கட்டப்போவது இதே புடவை. மாமியார் அதை இப்போதே தன் பெட்டிக்கு மாற்றி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். கேட்டால், "அம்மனுக்கு நூல் பொடவை போதும்" என்பாள். அதனால் மாமியார் சாவியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில் இவள் எடுத்து வந்துவிட்டாள்.

"ஒரு பொட்டுக் கறை பட்டாலும் அத்தை என்னை அம்மா வூட்டுக்கு அனுப்பிடும் யக்கா. எங்க அப்பா முகத்துல நான் எப்படி முழிப்பேன்? அத்தைக்கு முட்டி நோவு, நாளைக்குக் களத்துக்கு வராது. நீ அலசி மடிச்சிக் குடுத்துட்டா நான் பெட்டிலே வெச்சிடுவேன்."

வேண்டாமென்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அம்மனுக்கென்று நேர்ந்துகொண்ட புடவையைத் திருப்பி அனுப்புவது கூத்தில் வழக்கமில்லை. அதற்கு மேல், என் கைக்கு வந்த புடவை கறையோடு போனதில்லை என்கிற கர்வமும் எனக்கு இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

மறுநாள் நாஷ்டா கூடச் சாப்பிடாமல் வேலையில் இறங்கினேன். ஒப்பனைக் கொட்டகைக்குள் பெண்கள் போகக்கூடாது. படலுக்கு வெளியே நின்றுகொண்டே அவரை அதட்டினேன். முதலில் ஒரு பழைய நூல் புடவையை இடுப்பில் சுற்றச் சொன்னேன், வேர்வையை அது வாங்கிக்கொள்ளட்டுமென்று. ரவிக்கைக்கு மேலே தோளில் வேட்டித் துண்டு. முந்தானை மடிப்புக்கு அடியில் இன்னொரு துண்டு. முகத்தில் வர்ணம் போட்டு முடித்து, அதன்மேல் பவுடரை ஒற்றி, கை கழுவின பிறகுதான் பட்டைத் தொடவேண்டும்.

உள்ளேயிருந்து அவர் கத்தினார். "அம்மன் சபதம் முடிக்கப் போவுதா, மூட்டை தூக்கப் போவுதாடி? நாலு பொடவை கனம் கீது!"

"வேர்த்தா நாலும் நனையட்டும். அஞ்சாவது நனையக் கூடாது."

"பெரிய பேஜாராப் போச்சு உன்னோட" என்றார். ஆனால் கட்டிக்கொண்டார்.

மேளம் முழங்க அம்மன் களத்துக்கு வந்தபோது எனக்கே கை தானாகக் கூப்பிக்கொண்டது. நேற்று என்னிடம் கஞ்சிக்கு ஊறுகாய் கேட்ட ஆள் இல்லை அது. நான் துண்டும் விசிறியுமாக இரண்டடி பின்னால் நடந்தேன். மருமகப் பெண் கூட்டத்தில் முன்னால் நின்றுகொண்டு, அம்மன் முகத்தைப் பார்க்காமல் புடவைக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கூட்டம் விலகியது. கோலை ஊன்றிக்கொண்டு, கையில் கற்பூரத் தட்டோடு ஒரு அம்மாள் வந்தாள். மருமகப் பெண் வெளிறிப்போனதைப் பார்த்ததும், யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. முட்டி நோவு அன்றைக்குப் பார்த்துக் குறைந்துவிட்டது போல.

அம்மாள் கற்பூரத்தைச் சுற்றினாள். கண் மூடிக் கும்பிட்டாள். கண் திறந்ததும் நேரே பேட்டில் போய் நின்றது பார்வை. தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள். குனிந்து கரையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். திரும்பி மருமகளைப் பார்த்தாள். பிறகு என்னை.

"இது யார் வூட்டுப் பொடவை?"

அம்மனுக்கு முன்னால் நின்றுகொண்டு பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணின் வாழ்வு போய்விடும். நான் விசிறியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

பக்கத்தில் நின்ற ஒரு கிழவி முந்திக்கொண்டாள். "உங்க வூட்டுதுதானேடி? கல்யாணத்துல நான் பார்த்தேனே! அடேங்கப்பா, மொகூர்த்தப் பொடவையே அம்மனுக்குக் குடுத்துட்டியா! உனக்குப் பெரிய மனசுடி."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அந்த அம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வருஷம் படுகளப் புடவை யாருடையது என்று ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த நேரம். அந்த அம்மாள் கோலைக் கொஞ்சம் நேராக ஊன்றினாள்.

"பின்னே? என் புள்ள பொயச்சி எழுந்ததுக்கு நூல் பொடவையா குடுப்பேன்? நான்தான் குடுத்து அனுப்புனேன்" என்றாள்.

மருமகள் மூச்சு விட்டதை நான் பார்த்தேன். ஆனால் அத்தோடு முடியவில்லை. ஒருத்தி குடத்தில் மஞ்சள் தண்ணீரோடு அம்மன் காலில் ஊற்ற வந்தாள். அம்மாள் கோலைக் குறுக்கே நீட்டினாள்.

"ஏய், தள்ளி ஊத்துடி! பாதத்துல ஊத்து, பொடவையில ஏன் ஊத்துற? உங்க அப்பன் எடுத்துக் குடுத்ததா?"

அதற்குப் பிறகு எனக்கு வேலையே இல்லை. வலப்பக்கம் நான், இடப்பக்கம் அவள். பூ எறிந்தால் திட்டு, கிட்ட வந்தால் திட்டு. அம்மனுக்கே ஒரு திட்டு விழுந்தது: "தாயே, கொஞ்சம் கொசுவத்தைத் தூக்கிக்கினு நட, மண்ணுல பொரளுது." என் வீட்டுக்காரர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மண் ராஜாவின் தொடையைப் பிளந்து, அம்மன் இரண்டு கையிலும் சிவப்புத் தண்ணீரை அள்ளித் தலையில் வைத்தபோது கூட்டம் ஓவென்று அலறியது. நான் கழுத்துக்குத் துண்டைக் கொடுக்க எட்டினேன். எட்டவில்லை. தண்ணீர் பின்னங்கழுத்தில் இறங்கி முந்தானைக்குப் போகிற சமயத்தில், அந்த அம்மாள் தான் கட்டியிருந்த சுங்கடிப் புடவையின் முந்தானையை அப்படியே சுருட்டி அம்மன் முதுகில் அமுக்கிக்கொண்டாள். சிவப்பு முழுக்க அதில் இறங்கியது. பட்டில் ஒரு சொட்டுப் படவில்லை.

மறுநாள் காலை அம்மாளும் மருமகளும் தோப்புக்கு வந்தார்கள். புடவை நிழலில் கிடந்தது. இடுப்பு மடிப்பில் மட்டும் வேர்வை கொஞ்சம் இறங்கியிருந்தது. வெறும் தண்ணீரில் அந்த இடத்தை மட்டும் அலசி, பிழியாமல் போட்டிருந்தேன். அம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்து, முந்தானை முதல் உள்தலைப்பு வரை ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தாள். கடைசியில் முகர்ந்து பார்த்தாள்.

"பவுடர் வாசனை வருதே?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள போயிடும்மா. பொண்ணு பார்க்க வரப்போ எப்படியும் பவுடர் போடுவாங்களே" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. அவளுடைய சுங்கடியின் கறையைப் பற்றிக் கேட்டாள். சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தாள். குங்குமத் தண்ணீரில் இருந்த மஞ்சள், சோப்புப் பட்டதும் இன்னும் சிவந்து போயிருந்தது. எலுமிச்சம்பழம் தேய்த்து வெயிலில் போடச் சொன்னேன், நூல் துணி வெயில் தாங்கும் என்றேன்.

"அது இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். அப்புறம் மருமகளைப் பார்க்காமலே சொன்னாள்: "எங்கிட்டக் கேட்டிருந்தா இன்னா, தலையையா வாங்கியிருப்பேன்?"

"நூல் பொடவை குடுன்னு சொல்லியிருப்பீங்க அத்த."

"சொல்லித்தான் இருப்பேன்" என்றாள் அம்மாள். "அப்புறம் நீ அழுதிருப்ப. அப்புறம் குடுத்திருப்பேன்."

மருமகள் கூடைக்குக் கை நீட்டினாள். அம்மாள் கொடுக்கவில்லை. மடித்த பட்டைத் தானே மார்போடு அணைத்துக்கொண்டு, கோலை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். அந்தப் பெண் வெறுங்கூடையோடு பின்னால் போனாள். நான் அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏரிக்கரை மேடு ஏறுகிற இடத்தில் அம்மாளுக்கு முட்டி இழுத்திருக்க வேண்டும், நின்றாள். திரும்பி, புடவையை மருமகள் கையில் கொடுத்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மேடேறினாள்.

பூந்திக்கொட்டைத் தண்ணீர் தொட்டியில் நுரைத்துக்கொண்டிருந்தது. அதில் ராஜாவின் குல்லாய் ஊறிக்கொண்டிருந்தது. நான் போய் உட்கார்ந்து கசக்கத் தொடங்கினேன்.